ஆருக்குத் தலை சுத்துது

"விடடி காலை! எனக்குத் தெரியும்!"

மிசின் திருத்துகிற சீவரத்தினம் ஒரு காலைக் கிணற்றுக்கட்டுக்கு உள்ளே போட்டுவிட்டார். மற்றக் காலை அவருடைய மகள் குணலட்சுமி இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் சேற்றில் முழங்காலில் நின்றாள்.

கிணற்றுக்குள், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, பாறையில் வெட்டிய படியில் முருகேசு கிடந்தார். மடித்துப் போட்ட சாக்கு மாதிரி. ஒரு கை தண்ணீருக்குள். பக்கத்தில் அவருடைய தண்ணீர் இறைப்பு மிசின், எண்ணெய் தீர்ந்து தானாகவே நின்றுபோய் இருந்தது. மேலே நின்று எட்டிப் பார்த்தாலே மண்ணெண்ணெய்ப் புகை கண்ணைக் கரித்தது. அவருடைய மனைவி இராசமலர் கட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். "ஐயோ, இஞ்சருங்கோ! இஞ்சருங்கோ!" அந்த நேரத்திலும் அவள் புருசனுடைய பேரைச் சொல்லவில்லை.

"இறங்காதேங்கோ அண்ணை!" என்று பிலிப்பு கத்தினான். சந்தியில் புதிதாகப் பட்டறை போட்டிருக்கிற பிலிப்பு. சைக்கிளை ஒழுங்கைப் பாதையில் எறிந்துவிட்டு ஓடி வந்த ஆள், மூச்சு இன்னும் அடங்கவில்லை. "உள்ளுக்கை காத்தில்லை. புகைதான் நிக்குது. இறங்கினால் நீங்களும் உங்கை விழுந்திடுவியள்!"

"ஓம், ஓம், தெரியும்!" என்றார் சீவரத்தினம்.

அந்த ஓம் ஓம். குணலட்சுமிக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது. பதினேழு வருசமாகக் கேட்டு வந்த ஓம் ஓம். பசிக்குது என்றாலும் ஓம் ஓம், பயமாயிருக்கு என்றாலும் ஓம் ஓம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தகப்பனுடைய காலைச் சுண்டி இழுத்தாள். சீவரத்தினம் வெங்காயப் பாத்தியில் மல்லாக்க விழுந்தார். அவர் எழும்புவதற்குள் அவள் அவருடைய நெஞ்சின் மேல் குறுக்கே கிடந்தாள்.

"செத்துப் போவியளப்பா! அவர் சொல்லுறது காதிலை விழேல்லையோ?"

பிலிப்பு காத்திருக்கவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் தம்பிராசாவிடமும் அவருடைய மகனிடமும் வாளி வாளியாகத் தண்ணீரை உள்ளே சுவரில் அடித்து ஊற்றச் சொன்னான். வேலியில் ஒரு பூவரசங் கொப்பை முறித்து, கயிற்றில் கட்டி, கிணற்றுக்குள் மேலும் கீழும் விசுக்கினான். பிறகு தன் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். குருநகர்க் கடலில் சங்கு குளித்தவன், யுத்தத்தில் செல்லடிக்கு இடம்பெயர்ந்து வந்து மிசின் திருத்திப் பிழைக்கிறவன். அன்றைக்கு அந்தப் பழைய மூச்சுத்தான் கை கொடுத்தது.

"அறுபது எண்ணுங்கோ ஐயா. கயிறு ஆடினாலும் இழுங்கோ, ஆடாட்டிலும் இழுங்கோ."

மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கினான். தம்பிராசா உரக்க எண்ணினார். முப்பதுக்குப் பிறகு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். நாற்பத்தெட்டில் கயிறு ஆடியது, எல்லாரும் சேர்ந்து இரண்டு பேரையும் மேலே இழுத்தார்கள்.

முருகேசுவைப் பாத்தியில் கிடத்தியபோது அவருக்கு மூச்சு இருந்தது. ஆனால் குறட்டை மாதிரி, இடைவெளி விட்டு விட்டு. தம்பிராசாவின் மகன் லான்ட்மாஸ்டர் உழவு மிசினின் பெட்டியில் வைக்கோலைப் போட்டு அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான். இராசமலர் வைக்கோலில் ஏறி உட்கார்ந்து புருசனுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒழுங்கை திரும்பும் மட்டும் அவள் சீவரத்தினத்தைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

சத்தம் அடங்கியதும் தம்பிராசா தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சீவரத்தினம், உன்னட்டை அவள் எத்தினை தரம் வந்தவள்?"

"ரெண்டு தரம் வந்தவதான். தலை சுத்துது எண்டா. தலையை இறுக்கிக் குடுத்தனான். ரெண்டாம் தரமும் பாத்தனான். என்ரை வேலையிலை என்ன பிழை?"

"ஆரின்ரை தலையை அண்ணை?" பிலிப்பு ஈரம் சொட்டச் சொட்டக் கேட்டான்.

"மிசின்ரை தலையை!"

தம்பிராசா சிரித்தார். சிரிப்பா அது? காறித் துப்புகிற சத்தம்.

சீவரத்தினத்தின் பட்டறையில், தண்ணீரை இழுக்கிற முன்பாகத்துக்குத் தலை என்று பேர். அதன் நட்டு இளகினால் ஓடுகிற அதிர்வில் அந்தப் பாகம் மெல்ல மெல்லத் திரும்பிவிடும். ஆகவே அங்கே தலை சுத்துது என்றால் நாலு நட்டையும் இறுக்கு என்று அர்த்தம். பத்து வருசமாக அந்தப் பட்டறையில் அதற்கு வேறு அர்த்தம் இருக்கவில்லை. ஒழுங்கையால் போகிற மிசினின் சத்தத்தைக் கேட்டே அதன் எந்த நட்டு இளகியிருக்கிறது என்று சொல்லக்கூடிய மனுசன் அவர். அந்தச் செவி மிசினுக்கு மட்டுந்தான். ஆட்கள் வாயைத் திறந்தால், அவர்கள் பாதி சொல்லி முடிப்பதற்குள் அவருடைய கையில் ஸ்பானர் ஏறிவிடும். பிலிப்பு அப்படியில்லை. வந்த ஆளை வாங்குப் பலகையில் இருத்தி, மிசினில் கை வைக்காமல், முழுக்கக் கேட்பான். சீவரத்தினம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "உது பட்டறையோ, பாதிரியார் பாவசங்கீர்த்தனம் கேக்கிற கோயிலோ? கடல்காரனுக்கு மிசினைப் பற்றி என்ன தெரியும்? அதுதான் கதை கேட்டுக்கொண்டு இருக்கிறான்."

"நான் பெரிசா ஒண்டும் செய்யேல்லை அண்ணை," என்றான் பிலிப்பு இப்போது. "எண்ணெய் வேண்டப் போன அக்கா விடிய என்ரை வாசலிலை நிண்டவ. இறங்கினால் தலை சுத்துது, ரெண்டு தரம் திருத்தியும் சுத்துது எண்டவ. ஆருக்கு எண்டு கேட்டனான். இவருக்கு எண்டவ. ஆள் இப்ப எங்கை எண்டு கேட்டனான். கிணத்துக்கை எண்டவ. அவ்வளவுதான். சைக்கிளை எடுத்திட்டன்."

"அவ மாத்திக் கதைக்கிறா!" சீவரத்தினத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. "இறங்கினால் இல்லை. இறக்கினால்! மிசினைக் கிணத்துக்கை இறக்கினால் தலை சுத்துது எண்டுதான் என்னட்டைச் சொன்னது. எழுத்திலை இருக்கு. குணம், ஓடு! வேலைக் கொப்பியைக் கொண்டு வா!"

பட்டறை இரண்டு வேலி தாண்டித்தான். குண்டு போடுகிற பொம்மர் வந்தால் ஓடுகிற ஓட்டம் ஓடினாள். கொப்பி மேசையில் கிடந்தது. திறக்கத் தேவையில்லை, என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய கையெழுத்துத்தான். இருந்தாலும் திறந்தாள்.

*முருகேசு, தெற்குத் தோட்டம். கிணத்துக்கை இறக்கினால் தலை சுத்துது.*

பன்னிரண்டு நாளைக்கு முந்தி ஒரு பின்னேரம். அப்பா பின்னால் ஒரு எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தார். குணலட்சுமி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒரு கையால் மிதியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மின்சாரம் போய் மூன்று வருசம். டைனமோ சுற்றினால்தான் றேடியோ பாடும், கை ஓய்ந்தால் பாட்டு இழுபட்டுச் சாகும். இந்தியா றேடியோவில் அவளுக்குப் பிடித்த பாட்டு அப்போதுதான் தொடங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து இராசமலர் தள்ளுவண்டிலில் மிசினைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். முகமெல்லாம் வேர்வை. ஒரு பெண் தனியாக அந்தப் பாரத்தை ஏன் தள்ளி வர வேண்டும், வீட்டு ஆண்பிள்ளைக்கு என்ன நடந்தது? அதைக் கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

"அப்பாட்டைச் சொல்லு பிள்ளை, கிணத்துக்கை இறங்கினால் தலை சுத்துது. புகையை ஒருக்காப் பாக்கட்டாம்."

அந்த ஊரில் கட்டிய பெண்கள் புருசனுடைய பேரைச் சொல்ல மாட்டார்கள். அவசரம் என்றால் 'இவர்' என்பதையும் சேர்த்து விழுங்கிவிடுவார்கள். காய்ச்சல் காயுது. இன்னும் சாப்பிடேல்லை. ராத்திரி வந்தது. ஆர் என்பதைக் கேட்கிறவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். பிறந்ததிலிருந்து தாயின் வாயில் கேட்கிற கதை, குணலட்சுமிக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் ஒரு கை மிதியில், ஒரு கை பேனையில், செவி பாட்டில். கை தானாக எழுதியது. கோடைக்குத் தண்ணீர் கீழே போனால் மிசினைக் கிணற்றுக்குள் இறக்குவதுதானே வழக்கம், அந்தச் சொல்தான் கைக்குப் பழக்கம். புகையை எழுதவே இல்லை. மண்ணெண்ணெயில் ஓடாத மிசின் ஏது, புகைக்காத மிசின் ஏது?

ஒரு ங் எழுத வேண்டிய இடத்தில் ஒரு க்.

அவள் நகத்தால் அந்த எழுத்தைச் சுரண்டிப் பார்த்தாள். எதை வளைத்தாலும் எதை நீட்டினாலும் க் ஒருநாளும் ங் ஆகாது. தாளைக் கிழிக்கலாம். ஆனால் அப்பா வரிசை இலக்கம் போட்டு வைத்திருக்கிறார். கொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு திரும்பவும் ஓடினாள்.

சீவரத்தினம் தம்பிராசாவின் மூக்குக்குக் கிட்டக் கொப்பியைப் பிடித்து உரக்க வாசித்தார். "இறக்கினால்! பாத்தியளோ? என்ரை பிள்ளை ஏஎல் வகுப்புப் படிக்கிறவள், பிழையா எழுத மாட்டாள். என்னடி, நீதானே எழுதினனி? சொல்லு!"

"ஓம்," என்றாள் குணலட்சுமி.

அவளும் ஓம் என்றுதான் சொன்னாள். அதை நினைத்தால் நாக்கைக் கடித்துத் துப்ப வேண்டும் போலிருந்தது.

"எழுத்திலை இருந்தாப்போலை என்னடாப்பா?" என்றார் தம்பிராசா. "பொம்பிளை வாயாலை சொல்ல வந்தவள். நீ தாளையெல்லோ கேட்டிருக்கிறாய்."

அடுத்த நாள் விடிய இரண்டு பேர் பட்டறைக்கு வந்தார்கள். திருத்தக் கொடுத்த மிசின்களைத் திருத்தாமலே தள்ளுவண்டிலில் ஏற்றினார்கள். ஒருவர், மருமகன் வேறு வேலைக்குக் கேட்கிறான் என்றார். மற்றவருக்குப் பொய் சொல்லவும் மனமில்லை. "சந்தியிலை குடுக்கப் போறன்," என்று நேராகவே சொன்னார். சீவரத்தினம் அவர்கள் போகிற ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டையைப் போட்டார், கொப்பியைப் பேப்பரில் சுற்றினார்.

"வெளிக்கிடு. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றுதான் குணலட்சுமி நினைத்தாள். சைக்கிள் பாரில் உட்கார்ந்து போகும்போது அப்பா அவளுடைய உச்சந்தலைக்கு மேலே சொல்லிக்கொண்டே வந்தார். "அவவே தன்ரை வாயாலை சொல்ல வேணும், தான்தான் இறக்கினால் எண்டு சொன்னது எண்டு. அப்பதான் ஊர் வாய் அடங்கும். நீயும் பக்கத்திலை நிண்டு சொல்லு."

"அப்பா, அவ அப்பிடிச் சொல்லேல்லை."

"ஓம், ஓம்."

"அப்பா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ, நான்தான்..."

"ஓம் பிள்ளை, எல்லாம் எனக்குத் தெரியும். நீ பயப்பிடாதை."

அவள் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தாள்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் சீமெந்துத் தரையில் இராசமலர் இருந்தாள். நேற்றைய அதே சேலை. சேறு காய்ந்து மடிப்பு மடிப்பாக வெடித்திருந்தது. பக்கத்தில் ஒரு செம்பு, ஒரு விசிறி.

"எப்பிடித் தங்கச்சி இருக்கு?" என்றார் சீவரத்தினம்.

"கண் முழிச்சிட்டார். என்னை ஆரெண்டு கேக்கிறார்." அவள் விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மூண்டு தரம் கேட்டிட்டார், நீ ஆர் பிள்ளை எண்டு. தெளியுமோ தெளியாதோ, நாள் போகத்தான் சொல்லலாமாம்."

"அதெல்லாம் தெளியும், பயப்பிடாதேங்கோ." சீவரத்தினம் குந்தியிருந்து பேப்பரைப் பிரித்தார். "இஞ்சை பாருங்கோ தங்கச்சி. அண்டைக்கு நீங்கள் சொன்னதைப் பிள்ளை அப்பிடியே எழுதியிருக்கிறாள். இறக்கினால் எண்டு. ஊரிலை வேறை மாதிரிக் கதைக்கினம்..."

இராசமலர் கொப்பியைப் பார்க்கவில்லை. "நான் இறங்கினால் எண்டுதான் சொன்னனான் அண்ணை."

"இல்லைத் தங்கச்சி, வடிவா யோசிச்சுப் பாருங்கோ..."

"அவ இறங்கினால் எண்டுதான் சொன்னவ!"

விறாந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவ்வளவு பெரிய சத்தம் தன் தொண்டையில் இருந்தது குணலட்சுமிக்கே தெரியாது.

"நான்தான் பிழையா எழுதினனான். றேடியோ கேட்டுக்கொண்டு எழுதினனான். புகையைப் பாக்கச் சொன்னவ, அதையும் எழுதேல்லை. நேற்றும் சொல்ல வந்தனான். இண்டைக்குச் சைக்கிளிலையும் சொன்னனான். கேட்டியளோ? ஒருக்காலாவது ஒரு ஆள் சொல்லுறதை முடிவு மட்டும் கேட்டிருக்கிறியளோ அப்பா? மனுசி ரெண்டு தரம் வந்தவ. ஆருக்கு எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் அவர் உங்கை உள்ளுக்கை கிடக்க மாட்டார்! மிசின் இருமினால் கேக்குது உங்களுக்கு. மனுசர் கத்தினாலும் கேக்காது!"

"வாயை மூடு."

"மூட மாட்டன்! நீங்கள் கேளுங்கோ!"

"ஓ..." என்று தொடங்கினார் சீவரத்தினம். பழக்கத்தில் வந்த சொல். பாதியில் நின்றது. மற்ற ஓம் வரவில்லை. அவர் கொப்பியை மூடி, பேப்பரில் சுற்றினார். அப்படியே எழும்பி, படி இறங்கி, சைக்கிளுக்குப் பக்கத்தில் போய் முதுகு காட்டி நின்றார்.

குணலட்சுமிக்கு நெஞ்சுக்குள் ஒரு இலேசு. சொல்லிவிட்டாள். ஊருக்கு முன்னால், அப்பாவுக்கு முன்னால் சொல்லிவிட்டாள். இனி இராசமலர் அடித்தாலும் வாங்கலாம்.

இராசமலர் அடிக்கவில்லை. விசிறியைக் கீழே வைத்தாள்.

"முதல் தரம் வந்ததைச் சொன்னாய். ரெண்டாம் தரம் வந்ததைச் சொல்லேல்லையே, பிள்ளை."

குணலட்சுமியின் நெஞ்சில் இருந்த இலேசு அப்படியே உறைந்தது.

இரண்டாம் தரம், மூன்று நாளைக்கு முந்தி. இராசமலர் மிசினையும் தள்ளிக்கொண்டு திரும்ப வந்தாள். "அண்ணை, இன்னும் தலை சுத்துது," என்றதுதான் தாமதம், அப்பாவுக்கு ஏறிவிட்டது. "என்ரை வேலையிலை பிழையோ? நாலு நட்டும் நான் இறுக்கினது! இப்ப பாருங்கோ!" நாலு துளி பெற்றோலை விட்டுக் கயிற்றை இழுத்தார். மிசின் காது கிழிய ஓடியது. அவர் மிசினின் தலையில் கையை வைத்துக் காட்டினார். அசையவில்லை, பாருங்கோ, கல்லு மாதிரி நிற்கிறது. இராசமலர் அந்தச் சத்தத்துக்குள் ஏதோ கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குக் கேட்கவில்லை, அவர் மிசினுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம், அவளுடைய தோளோடு தோளாக நின்றது குணலட்சுமி. அன்றைக்கு றேடியோ இல்லை. கையில் பேனையும் இல்லை.

"உன்ரை காதுக்குக் கிட்டத்தான் சொன்னனான்," என்றாள் இராசமலர். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கலாம். "ராத்திரி முழுக்க வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுத்தது எண்டு சொன்னனான். நீ என்ரை முகத்தைப் பாத்தனி. பேந்து அப்பாவைப் பாத்தனி. வாயைத் திறந்தனி. அவர் உன்னைப் பாத்து முறைக்க, நீ உள்ளுக்கை போயிட்டாய்."

உள்ளே நோயாளர் வாட்டில் இருந்து ஒரு ஆண் குரல் யாரையோ கூப்பிட்டது. பேர் சொல்லாமல். இராசமலர் சேலையை உதறி எழும்பினாள். வாசலில் கை வைத்துத் திரும்பி நின்றாள்.

"உன்ரை அப்பர் கேக்கேல்லை, விடு. அவர் ஒருத்தற்றையும் கேக்கிறேல்லை. உனக்குக் கேட்டதெல்லோ? சத்தி எண்ட சொல்லுக் காதிலை விழேக்கை, மிசின் சத்தி எடுக்காது எண்டு உனக்குத் தெரியும்தானே, பிள்ளை?"